மன்னிப்புக்குப் பிறகு

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை உண்டு. "இத்தனை கொடுமை செய்த அந்த மனிதனைக் கடைசி அத்தியாயம் வரை சுகமாக வாழ விட்டுவிட்டீர்களே, இது நியாயமா?" என்று கேட்கும் கடிதங்கள் அவை. கதையில் ஒருவன் பிறர் குடியைக் கெடுத்தானானால், கதை முடிவதற்குள் அவனுக்குக் கையோ காலோ விளங்காமல் போக வேண்டும்; சொத்து அழிய வேண்டும்; பெற்ற பிள்ளையாவது அவனை வீட்டை விட்டுத் துரத்த வேண்டும். அப்போதுதான் வாசகர் மனம் ஆறுகிறது. இதை அறியாமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. செய்த வினை செய்தவனைத் தேடி வந்தே தீரும் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் நெடுங்காலமாக ஊறியது. கோவலன் வெட்டுண்டதற்குக் கூட, முற்பிறவியில் அவன் பரதன் என்னும் பெயரோடு இருந்து சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான் என்று ஒரு கணக்கு எழுதி வைத்தார் இளங்கோவடிகள்.

இந்தக் கணக்கிலே பழகிய நமக்குக் கிறிஸ்தவ சமயத்தைப் பார்த்ததும் ஓர் ஐயம் எழுகிறது. ஆறு நாள் செய்கிற அக்கிரமத்தை ஏழாம் நாள் மண்டியிட்டுக் கழுவிக் கொள்ளலாம் என்றால், மனிதன் எதற்காகப் பயப்படுவான்? இந்தக் கேள்வியைப் பலர் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். அப்படி நம்பிக்கொண்டு நடக்கிறவர்கள் கிறிஸ்தவர்களிலும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சமயத்தின் நூல்கள் சொல்வது அதுதானா என்று பார்த்தால், விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை.

தாவீது மன்னனின் கதையை எடுத்துக் கொள்ளுங்கள். உரியா என்ற படைவீரனின் மனைவியை அபகரித்தான்; அதை மறைக்க உரியாவைப் போரின் முன்வரிசையில் நிறுத்திச் சாகடித்தான். நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து நேருக்கு நேர் குற்றம் சாட்டியதும், அரசன் மறுக்கவில்லை. பாவம் செய்தேன் என்று ஒப்புக் கொண்டான். உடனே மன்னிப்பும் கிடைத்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவன் வீட்டை விட்டு வாள் விலகாது என்ற வாக்கும் அதே வாயிலிருந்து வந்தது. குழந்தை இறந்தது. ஒரு மகன் தங்கையைக் கெடுத்தான். இன்னொரு மகன் அவனைக் கொன்றான். கொன்றவனே பின்னால் தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டி மடிந்தான். மன்னிக்கப்பட்ட மனிதனின் பிற்பகுதி வாழ்க்கை இது.

கத்தோலிக்க சபையின் போதனை இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது. பாவத்தால் வரும் பழி ஒன்று. பாவம் விட்டுச் செல்லும் கேடு மற்றொன்று. பாவசங்கீர்த்தனம் முதலாவதைத் தீர்க்கும். இரண்டாவதற்குப் பரிகாரம் செய்தாக வேண்டும். திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவதூறு சொன்னவன் கெடுத்த பெயரை மீட்டுத் தர முயல வேண்டும். பணம் வாங்கிக் கொண்டு தண்டனைக் குறைப்புச் சீட்டு கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியபோது, 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் அதை எதிர்த்து எழுந்தார். அதற்குப் பிறகு சபைகள் பிரிந்தன. எத்தனையோ விஷயங்களில் அவர்கள் கருத்து வேறுபட்டார்கள். ஆனால் மன்னிப்பு கிடைத்துவிட்டதால் செய்த செயலே செய்யாததாகி விடும் என்று இரு தரப்பும் சொன்னதில்லை.

தாவீதின் கதையில் நம் மனத்தை உறுத்துகிற இடம் வேறு. அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? தகப்பனுக்கு வாழ்வு, பிள்ளைக்குச் சாவு என்றால், இது என்ன நீதி? இந்த உறுத்தல் அந்த நூலை எழுதியவர்களுக்கும் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் வந்த எசேக்கியேல், தகப்பன் தின்ற புளிப்புக்குப் பிள்ளையின் பல் கூசும் என்ற பழமொழியை இனி யாரும் சொல்லக் கூடாது என்று தடுத்தார்; ஒருவனுடைய பாவம் அவனைச் சேர்ந்தது, மகனைச் சேராது என்றார். ஏசுநாதரிடம் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று அவர் மறுத்தார். சீலோவாமில் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் இறந்தார்களே, அவர்கள் மற்றவர்களை விடப் பெரிய பாவிகளா என்று அவரே ஒரு முறை கேட்டு, அந்த எண்ணத்தையும் மறுத்தார்.

இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் ஒரு பொருள் கிடைக்கிறது. பழி பரம்பரைச் சொத்து அன்று. விளைவு பரம்பரைச் சொத்து. தகப்பன் குடித்த கடனுக்காக மகனைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஆனால் கடன்காரன் வந்து நிற்பது மகன் வீட்டு வாசலில்தான். துன்பப்படுகிறவனைப் பார்த்து 'இவன் என்ன பாவம் செய்தானோ' என்று கேட்பதற்கு இந்தப் போதனையில் இடம் இல்லை. துன்பத்தை உண்டாக்கியவனைப் பார்த்து 'உனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது, போகலாம்' என்று சொல்வதற்கும் இடம் இல்லை.

இதைத் தத்துவமாகப் பேசிக்கொண்டிருப்பதை விட ஒரு மலையின் மேல் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அதற்குக் கொடைக்கானலை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. கிறிஸ்தவப் போதகர்கள் உருவாக்கிய ஊர் அது. மதுரையில் 1834ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன் பாதிரிமார், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தங்கள் மனைவி மக்களைப் பறிகொடுத்த பிறகு, உயிர் பிழைக்க ஓர் இடம் தேடி மலை ஏறினார்கள். 1845ல் அவர்கள் கட்டிய இரண்டு வீடுகளிலிருந்து அந்த ஊர் தொடங்கியது. 1863ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரி அமைத்தார். 1895ல் செண்பகனூரில் ஏசு சபையார் தங்கள் திருஇருதயக் கல்லூரியை நிறுவினார்கள். இன்று ஊரில் எந்த மேட்டில் நின்றாலும் ஒரு சிலுவைக் கோபுரம் கண்ணில் படும். விதைப்பதையும் அறுப்பதையும் பற்றி அந்தக் கோயில்களில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் நடந்து வருகிறது. அந்த மலையிலேயே விதைக்கப்பட்டவை என்ன?

பழனி மலைகளின் உச்சிப் பகுதி முன்பு புல்வெளியும் சோலையுமாக இருந்தது. மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. மழைநீரைப் புல்லின் வேர்களும் சோலையின் மண்ணும் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விட்டுக் கொடுக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி அந்தப் புல்வெளிச் சரிவுகளுக்கு உரியது. மரமில்லாத இந்த நிலம், வெளியிலிருந்து வந்தவர்கள் கண்ணுக்குப் பயனற்ற தரிசாகத் தோன்றியது. ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும், வாட்டில் என்னும் சீகை மரமும் வந்தன. முதலில் விறகுக்காக நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று வனத்துறை புல்வெளிகளில் பெரும் பரப்பில் நட்டது. பைன் மரங்களும் வரிசை வரிசையாக எழுந்தன.

இதில் பாவி யார்? யாரும் இல்லை. குளிரில் நடுங்குகிறவனுக்கு விறகு வேண்டும் என்று நினைத்ததும், தேசத்தின் தோல் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்று நினைத்ததும் பாவம் ஆகா. மரம் நடுவது புண்ணியம் என்று நம் பள்ளிக்கூடங்களே சொல்லிக் கொடுத்திருக்கின்றன. ஆனால் விளைவு, எண்ணத்தின் தூய்மையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சீகை நட்ட இடத்தில் நிற்கவில்லை. புல்வெளி முழுவதும் பரவியது. அதன் விதைக்கு உறை கெட்டியானது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கிக் கிடக்கும். மேலே நிற்கும் மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ, தீ பரவினாலோ, ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். புல் போயிற்று, ஓடைகள் இளைத்தன. மேய்ச்சல் நிலம் சுருங்கிய காட்டுமாடுகள் ஊருக்குள் வந்து பஸ் நிலையத்துப் பக்கமெல்லாம் திரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். நட்டவர்கள் இன்று உயிரோடு இல்லை. தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண் அந்த நடவுக்குப் பிறகு பிறந்தவள்.

சரி, எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் ஏசுநாதரின் உவமை ஒன்று நினைவுக்கு வருகிறது. கோதுமை வயலில் பகைவன் களையை விதைத்துவிட்டுப் போகிறான். பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர்கள் கேட்கிறார்கள். களையோடு கோதுமையும் வேரற்று வந்துவிடும், பொறுங்கள் என்கிறார் எஜமானர். இந்த மலையில் அது உவமையாகவே நிற்கவில்லை. முதிர்ந்த சீகை மரங்களின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வளர்வதைத் தாவர ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் அழியும். மண்ணில் உறங்கும் சீகை விதையும் விழித்துக் கொள்ளும். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் பொறுப்பது என்பதை ஒவ்வொரு சரிவிலும் நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு தலைமுறை சில ஆண்டுகளில் செய்ததைத் திருத்த இன்னொரு தலைமுறைக்கு ஆயுள் போதாது.

சீகையில் குற்றவாளி இல்லை. விளைவு மட்டும் உண்டு. அதே ஊரில் நடந்த இன்னொரு சம்பவத்தில், குற்றம் உண்டா, எவ்வளவு என்ற வழக்கே பல ஆண்டுகள் நடந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1983ஆம் ஆண்டு வாக்கில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனத்துடையதாக இருந்த அது, பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவி செய்வது உலகத்துக்கு நல்ல காரியம்தான். அதற்குள் ஏறி இறங்கும் பாதரசம் நஞ்சு. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பது வெளியாயிற்று. ஊரார் திரண்டார்கள், ஆலை மூடப்பட்டது. 2003ல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

மண்ணில் கலந்ததைக் கப்பலேற்ற முடியாது. ஆலை இருந்த மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து நீர் சரிவில் இறங்கிச் சமவெளிக்குப் போகிறது. பாதரசம் நீர்நிலையை அடைந்தால், சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அது மீனில் ஏறி, மீனைத் தின்பவனிடம் வருகிறது. ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956ல் வெளிப்பட்ட நோய் இத்தகைய நஞ்சினால் வந்ததே. கொடைக்கானல் ஏரியின் மீன்களில் பாதரசம் இருப்பதை 2006ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. தங்கள் உடல் கெட்டதற்கு ஆலையே காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். கண்ணாடிக் கழிவு விதிக்கு மாறாக விற்கப்பட்டது என்பதை ஒப்புக்கொண்ட நிறுவனம், தொழிலாளர் உடல்நலம் கெட்டதற்கு ஆலை காரணம் என்பதை ஏற்கவில்லை. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்கள் சம்பந்தப்பட்ட உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் தருவதாகச் சொல்லி நிறுவனம் பணம் கொடுத்தது, தொகை வெளியிடப்படவில்லை. நிலத்தை எந்த அளவுக்குத் தூய்மை செய்தால் போதும் என்ற வாதம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

நீதிமன்றம் செய்ய முடிந்ததைச் செய்தது. நம் கேள்வி வேறு. ஒரு தீங்கை உண்டாக்கியவர் எவராயினும், அவர் முதலில் யாரிடம் போக வேண்டும்? மலைப்பிரசங்கத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. காணிக்கை செலுத்தப் பலிபீடத்தின் முன் நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார் ஏசுநாதர். கடவுளே காத்திருக்கட்டும், காயப்பட்டவன் காத்திருக்கக் கூடாது என்பது இதன் பொருள். தெய்வத்திடம் பெற்ற மன்னிப்பைக் காட்டி, நோயாளியின் வீட்டு வாசலைக் கடந்து போய்விட முடியாது. அவன் சார்பில் மன்னிப்பதற்கு வேறு எவருக்கும் உரிமை கிடையாது.

அப்படியானால் மன்னிப்பால் என்னதான் பயன்? விளைவு போகவில்லை, நோய் தீரவில்லை, புல் முளைக்கவில்லை. இந்தக் கேள்விக்குச் சகேயுவின் கதையில் விடை தேடலாம். வரி வசூலித்துப் பணம் சேர்த்தவன் அவன், ஊரே வெறுத்தது. கூட்டத்தில் எட்டிப் பார்க்க மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவனை ஏசுநாதர் பெயர் சொல்லி அழைத்து, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் உள்ளே வந்த பிறகுதான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பெற்றதற்கு நான்கு மடங்கு என்று தானே அறிவித்தான்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த வரிசை மிக முக்கியமானதாகப் படுகிறது. பயந்த மனிதன் ஒப்புக் கொள்ள மாட்டான். ஒப்புக்கொண்டால் அழிந்தோம் என்று நினைப்பவன் கணக்கை மறைப்பான், சாட்சியைக் கலைப்பான், 'நிரூபித்துக் காட்டுங்கள்' என்பான். மறைக்கப்பட்ட தீமையைத் திருத்த முடியாது. எங்கே எவ்வளவு கொட்டிக் கிடக்கிறது என்றே தெரியாதபோது எதை அள்ளுவது? ஒப்புக்கொண்ட பிறகும் நீ மனிதன்தான், உன் வீட்டிலும் ஒருவர் வந்து அமர்வார் என்ற உறுதி கிடைத்தவனே தன் செயலை முழுதாகத் திரும்பிப் பார்க்கத் துணிகிறான். அந்த வகையில் மன்னிப்பு, திருத்தும் வேலையின் தொடக்கம். அதை வேலையின் முடிவாக எடுத்துக் கொள்கிறவர்களால்தான் அந்தச் சமயத்துக்கே கெட்ட பெயர்.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், மனிதன் விதைத்ததையே அறுப்பான் என்ற கருத்து வருகிறது. நம் வினைக்கொள்கையோடு ஒப்பிட்டு எல்லோரும் காட்டும் இடம் அது. ஆனால் அதே அதிகாரத்தில், சற்று முன்னால், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படியும் அவர் சொல்கிறார். அவனவன் சுமையை அவனவன் சுமப்பான் என்றும் சொல்கிறார். முரண்பாடு போலத் தெரியும். கொடைக்கானலில் நின்று படித்தால் முரண்பாடு தெரியவில்லை. பழி அவனவன் சுமை. அதை வேறு தோளுக்கு மாற்ற முடியாது. விளைவு ஊரின் பாரம்; அதை எல்லோரும் சேர்ந்தே தூக்க வேண்டும். அந்த மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்திலே, இடும்பன் இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து வந்த கதையைச் சொல்லிக் காவடி தூக்குகிற பழனி யாத்திரிகர்களுக்கு, இது புரியாத பாடம் ஆகாது.

அப்படித் தூக்கியவர்களும் அந்த மலையில் உண்டு. பிரெஞ்சுக்காரரான ஆங்கிலாட் அடிகள் செண்பகனூரில் இருந்துகொண்டு மலையின் செடிகொடிகளை ஒவ்வொன்றாக வர்ணத்தில் தீட்டி வைத்தார். மற்றொரு ஏசு சபைத் துறவியான கே. எம். மேத்யூ, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999ல் வெளியிட்டு, 2004ல் மறைந்தார். 1985ல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் நாற்றங்கால் அமைத்துச் சோலை மரக் கன்றுகளை வளர்த்தது. இவர்களில் எவரும் சீகையை நட்டவர்கள் அல்லர். எதை இழந்தோம் என்று பெயர் சொல்லித் தெரிந்து கொள்வதற்கு ஒரு நூல், இழந்ததைத் திரும்ப நடுவதற்கு ஒரு கன்று: பிறர் செய்ததன் விளைவை இப்படியும் சிலர் ஏற்றுக் கொண்டார்கள். பிறவிக் குருடனைக் காட்டிக் கேட்ட சீடர்களை ஏசுநாதர் எங்கே திருப்பினார் என்பதும் இதுதான். யார் பாவம் என்ற கேள்வியை விட்டு, பகல் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலையைப் பற்றிப் பேசினார். பேசிவிட்டு, மண்ணைக் குழைத்து அந்த மனிதனின் கண்ணில் பூசினார்.

கோவலன் கதையிலும் கணக்கு கோவலனோடு முடியவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பரதன் செய்த வினைக்குக் கோவலன் உயிர் கொடுத்தான், சரி. மதுரை ஏன் எரிந்தது? தட்டானின் பொய்யிலும் அரசனின் அவசரத்திலும் பங்கில்லாத எத்தனை வீடுகள் அந்தத் தீயில் போயின! செயல் செய்தவனை மட்டும் தேடி வருவதில்லை. வழியில் இருப்பவர்களையும் தொட்டுக்கொண்டே வருகிறது. ஆகையால், தொடர்கதையின் கொடியவனுக்குக் கால் முறிய வேண்டும் என்று கடிதம் எழுதும் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அவன் கால் முறிவதால் அவன் கெடுத்த குடும்பத்துக்கு அடுத்த வேளைச் சோறு வந்துவிடாது. அடுத்த முறை எழுதும்போது, அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எழுதுகிறவனுக்கு அதற்குப் பதில் சொல்வதுதான் கடினம்.